கல்லறை வழியில் ஒரு கேள்வி

நவம்பர் 2ஆம் நாள். கடலூருக்குத் தெற்கே, நம் உறவினர் வாழும் ஒரு பங்கில் கல்லறைத் திருநாள். சுண்ணாம்பு அடித்து வெண்மையாக்கிய கல்லறைகள், சாமந்தி மாலைகள், காற்றுக்கு அணையாதபடி கையால் மறைத்துப் பிடித்த மெழுகுதிரிகள். பூசை முடிந்து மக்கள் தத்தம் முன்னோரைத் தேடிச் சென்று கொண்டிருந்தார்கள். நாமும் அந்தக் கூட்டத்தில் ஒருவராய் நடந்தோம்.

நமக்கு முன்னே ஒரு முதியவர், தம் பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு சென்றார். எட்டு வயதிருக்கும் அச்சிறுமிக்கு. புதுநன்மை வாங்கி ஆறு மாதங்கூட ஆகவில்லை என்று பின்னர் அறிந்தோம். பெரிய வாயில் வழியே நாங்கள் நுழைகையில், சுவரோரமாய் உள்ள ஒற்றையடிப் பாதையில் வேறு சிலர் சென்று கொண்டிருந்ததை அவள் கண்டாள்.

"தாத்தா, அவங்க எல்லாரும் ஏன் அந்தச் சின்ன வழியா போறாங்க? நம்ம வழியா வந்தா என்ன?"

முதியவர் திரும்பிப் பார்க்கவில்லை. "பேசாம வா, கண்ணு. செபத்திலே கவனம் வை" என்றார். குழந்தை பேசாமல் நடந்தாள். அருகில் நின்ற நாமும் பேசவில்லை. இதை மறைப்பதற்கில்லை. அந்தக் கேள்விக்கு விடை நமக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். சொல்வதற்குத்தான் நா எழவில்லை.

அன்று மாலை சிதம்பரம் செல்ல வேண்டியிருந்தது. கடலூர்த் துறைமுகச் சந்திப்பில் வண்டி ஏறினோம். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பரங்கிப்பேட்டை என ஊர்கள் பின்னோக்கி ஓடின. குழந்தையின் கேள்வி மட்டும் நம்மோடே வந்தது. நீதியைப் பற்றி இளைஞருக்குக் கருத்தரங்கு நடத்துகிறோம். தலைமைப் பயிற்சி முகாம் நடத்துகிறோம். ஆனால் நீதியின் முதற்பாடம் ஒரு குழந்தை 'ஏன்' என்று கேட்கும் அந்தக் கணத்தில் அல்லவா தொடங்குகிறது? அங்கே நாம் வாயடைத்துவிட்டால், பிறகு எந்த முகாமில் அதைக் கற்பிப்பது?

உடைந்த பானை

வண்டி சென்றுகொண்டிருந்த அந்தப் பகுதியிலேயே இக்கேள்விக்கு ஒரு வரலாறு உண்டு. சிதம்பரத்துக்குத் தென்மேற்கே, வீராணம் ஏரியை அடுத்துள்ளது காட்டுமன்னார்கோயில். அவ்வூரில் 1924ஆம் ஆண்டு பிறந்தவர் எல். இளையபெருமாள். அவர் படித்த பள்ளியில் மாணவர்க்குத் தண்ணீர்ப் பானைகள் இரண்டு வைக்கப்பட்டிருந்தன. ஒன்று மற்றவர்க்கு; ஒன்று தாழ்த்தப்பட்ட வகுப்புப் பிள்ளைகளுக்கு. தனியே வைத்த பானையைச் சிறுவன் இளையபெருமாள் ஒருவரும் அறியாமல் உடைத்தான். புதுப் பானை வந்தது. அதுவும் உடைந்தது. விசாரணை நடந்தபோது, தானே உடைத்ததாக ஒப்புக்கொண்ட அவன், அதன் காரணத்தையும் சொன்னான்.

அந்தத் தலைமையாசிரியர் பிரம்பை எடுத்திருக்கலாம். பள்ளியை விட்டே நீக்கியிருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. பையன் சொன்னதில் உள்ள நியாயத்தை உணர்ந்து, எல்லார்க்கும் பொதுவான பானை வைக்கச் செய்தார்.

ஒரு பெரியவர் ஒரு சிறுவனுக்கு உண்மையான விடை தந்தார் என்பதற்குமேல் இதில் ஒன்றுமில்லை. ஆனால் அதன் பயன் எவ்வளவு தூரம் சென்றது! 1952ஆம் ஆண்டின் முதற் பொதுத்தேர்தலில் இளையபெருமாள் நாடாளுமன்ற உறுப்பினரானார். 1965இல் இந்திய அரசு அவர் தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. நாடெங்கும் தீண்டாமை எவ்வாறு நிலவுகிறது, அம்மக்களின் கல்வியும் பொருளாதாரமும் எந்நிலையில் உள்ளன என்று ஆராய்ந்து, 1969இல் அக்குழு அறிக்கை தந்தது. கிணற்றிலும் கோயிலிலும் பள்ளியிலும் கண்டவற்றையெல்லாம் அது அரசின் முன் வைத்தது. 1955ஆம் ஆண்டின் தீண்டாமைச் சட்டம் 1976இல் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டமெனப் பெயர் மாறி வலுப்பெற்றதற்கு இவ்வறிக்கை ஒரு காரணம். அர்ச்சகர் பதவி பிறப்புவழி வருதல் கூடாதெனத் தமிழக அரசு 1970இல் கொண்டுவந்த சட்டத்துக்கும் இதுவே தூண்டுகோல். 2005ஆம் ஆண்டு அவர் மறைந்தார்.

அவருக்கும் முன்னே ஒருவர்

இளையபெருமாள் பிறப்பதற்கு எட்டு ஆண்டுகள் முன்னரே சிதம்பரத்தில் ஒரு விளக்கு ஏற்றப்பட்டிருந்தது. ஏற்றியவர் சுவாமி சகஜானந்தர். ஆரணிக்கு அருகே மேல்புதுப்பாக்கத்தில் 1890ஆம் ஆண்டு எளிய ஆதிதிராவிடக் குடும்பத்தில் முனுசாமி என்னும் பெயருடன் பிறந்தவர். கிறிஸ்தவ மிஷன் பள்ளியில் பயின்றவர்; எனினும் சைவ நெறியிலேயே நின்று, துறவு பூண்டு, சிதம்பரம் வந்து சேர்ந்தார்.

சிதம்பரம் என்றதும் நந்தனாரை நினையாதவர் யார்? தில்லைக் கூத்தனைக் காணும் வேட்கையோடு வந்து, ஊர் எல்லையிலேயே நின்று வருந்திய அடியவர் அவர். அவர் பெயராலேயே சகஜானந்தர் 1916ஆம் ஆண்டு ஒரு பள்ளி தொடங்கினார். தொடக்கத்தில் மாணவர் இருபத்தைந்து பேர். சேரிப் பிள்ளைகளைத் தேடி அழைத்து வந்து, உணவும் உறையுளும் தந்து படிக்க வைத்தார். சட்டமன்றத்தில் பல்லாண்டு உறுப்பினராக இருந்தும், 1959இல் மறையும்வரை அவர் நெஞ்சு அந்தப் பள்ளியிலேயே இருந்தது. இன்றும் நந்தனார் பெயர் தாங்கிய அரசுப் பள்ளிகள் சிதம்பரத்தில் நடைபெறுகின்றன.

நந்தனார் ஏன் வெளியே நின்றார் என்ற கேள்விக்குப் பலர் உருக்கமாய்க் கதை சொல்லியிருக்கிறார்கள். சகஜானந்தர் கதையோடு நிறுத்தவில்லை. இனி ஒருவரும் வெளியே நிற்கலாகாதென்று ஒரு கதவைத் திறந்து வைத்தார்.

கேட்பதற்கென்றே ஓர் இரவு

பிள்ளைகளின் கேள்வியை ஒரு தொந்தரவாக எண்ணாமல், அதையே வழிபாட்டின் நடுவில் வைத்த மக்கள் உண்டு. அவர்கள் நம் ஆண்டவர் மனிதராய்ப் பிறந்த யூத இனத்தார். விடுதலைப் பயண நூலைப் படித்தவர்கள் அறிவார்கள்: இந்த வழிபாட்டுக்குப் பொருள் என்ன என்று பிள்ளைகள் வினவும்போது பெற்றோர் விளக்கம் கூற வேண்டுமென்பது அங்குள்ள கட்டளை.

இன்றும் யூத இல்லங்களில் பாஸ்கா இரவில் குடும்பம் முழுவதும் பந்தியில் அமர்கிறது. புளியாத அப்பமும் கசப்புக் கீரையும் முன்னே இருக்கின்றன. அங்குள்ளவர்களில் மிக இளைய பிள்ளை எழுந்து, இந்த இரவு மட்டும் ஏன் வேறாக இருக்கிறதென்று கேட்கிறது. பெரியவர்கள் விடை கூறுகிறார்கள்: நாம் எகிப்தில் அடிமைகளாய் இருந்தோம்; கடவுள் நம்மை மீட்டார் என்று. 'நம் முன்னோர் இருந்தார்கள்' என்று மட்டும் எண்ணாமல், தாமே அங்கிருந்து வெளியேறியதாக ஒவ்வொருவரும் உணர வேண்டுமாம்.

அந்த இரவின் மரபில் நால்வகைப் பிள்ளைகளைப் பற்றிய பேச்சும் வருகிறது. அறிவுள்ள பிள்ளை, எதிர்த்துப் பேசும் பிள்ளை, வெள்ளை மனத்துப் பிள்ளை, கேட்கவே தெரியாத பிள்ளை. முதல் மூவர்க்கும் அவரவர் கேள்விக்கு ஏற்ற விடை. நான்காம் பிள்ளைக்கோ, அது கேட்கும்வரை காத்திராமல் பெற்றோரே பேச்சைத் தொடங்கிவிட வேண்டும். இதை முதன்முறை அறிந்தபோது நம் மனம் துணுக்குற்றது. நம் வீடுகளில் உள்ள நான்காம் பிள்ளைகள் கேட்கத் தெரியாமல் பிறந்தவர்கள் அல்லர். 'பேசாமல் வா' என்று சொல்லிச் சொல்லி நாமே அவர்களை அப்படி ஆக்கினோம்.

யூத இளைஞர் இயக்கங்கள் பல, இந்த மரபின் மேலேயே எழுந்தவை. இலண்டனில் 1929இல் தோன்றிய 'ஹபோனிம்' அவற்றுள் ஒன்று. அவ்வியக்கங்களில் பதினெட்டு வயது இளைஞரே பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்குத் தலைவர். அத்தலைவருக்கு எபிரேயத்தில் 'மத்ரிக்' என்று பெயர். பாதை என்னும் பொருள்தரும் வேரிலிருந்து பிறந்த சொல் அது. நம் மொழியில் 'வழிகாட்டி' என்றால் மிகப் பொருந்தும். தம்மினும் இளையவர் கேள்விக்கு விடை சொல்லியே தலைமையைக் கற்கிறார்கள்.

கொச்சியில் நடந்தது

நினைவு இருந்தால் மட்டும் நீதி வந்துவிடுமா? அதுவும் இல்லை. நம் அண்டை மாநிலத்துக் கொச்சி இதற்குச் சான்று. மட்டாஞ்சேரியில் 1568இல் கட்டப்பட்ட பரதேசி யூதத் தொழுகைக்கூடத்தைச் சுற்றுலாவில் பார்த்தவர் பலர் இருக்கலாம். அங்கே தொழுத யூதருள், அடிமை நிலையிலிருந்து விடுவிக்கப்பட்டவர்களின் வழிவந்தவர்களும் இருந்தார்கள். அவர்களுக்கு உள்ளே இருக்கை இல்லை. தரையிலோ வெளிப்படியிலோ அமர வேண்டும். திருச்சட்டச் சுருளைச் சபைமுன் வாசிக்கும் உரிமையும் மறுக்கப்பட்டது. ஆண்டுதோறும் 'நாம் அடிமைகளாய் இருந்தோம்' என்று சொன்ன அதே கூட்டத்தார், அடிமைகளாய் இருந்தவர்களின் மக்களை வாயிலுக்கு வெளியே அமர்த்தினார்கள்! யூத மறை இதைக் கற்பிக்கவில்லை. சுற்றியிருந்த சாதி வழக்கம் ஆலயத்துக்குள்ளும் ஊறிவிட்டது. நம் கதையும் இதுதானே?

அந்தப் படியில் அமர வேண்டியவராய்ப் பிறந்தார் ஆபிரகாம் பராக் சேலம். ஆண்டு 1882. படித்து வழக்கறிஞரானார், கொச்சிச் சட்டசபையில் உறுப்பினராய் இருந்தார், தொழிலாளர் பக்கம் நின்றார், 1929இல் லாகூர்க் காங்கிரசுக்கும் சென்றார். 'யூத காந்தி' என்று மக்கள் அவரை அழைத்தார்கள். காந்தியடிகளின் சத்தியாக்கிரகத்தை அவர் தம் சொந்தத் தொழுகைக்கூடத்துக்குள்ளேயே கொண்டு சென்றார். மதத்தை விட்டு விலகவும் இல்லை. அநீதிக்குத் தலைவணங்கவும் இல்லை. தந்தையின் பிடிவாதத்தைக் கண்டே அவருடைய பிள்ளைகள் வளர்ந்தார்கள். தடைகள் ஒவ்வொன்றாய்த் தளர்ந்து, சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் பெரும்பாலும் நீங்கின. அவர் 1967இல் காலமானார். அந்தத் தொழுகைக்கூடம் உள்ள தெருவுக்கு இன்று அவர் பெயரே வழங்குகிறது.

அதே 1882இல் பிறந்து, அதே 1967இல் மறைந்தவர் நம் திருச்சபையிலும் ஒருவர் உண்டு. பெல்ஜிய நாட்டுக் கர்தினால் ஜோசப் கார்டைன் அவர். ஆலைத் தொழிலாளரான இளைஞர்களுக்காக 1925இல் இளம் கிறிஸ்தவ உழைப்பாளர் இயக்கத்தை நிறுவியவர். காணுதல், ஆராய்தல், செயல்படுதல் என்னும் மூன்று படிகளை அவர் கற்பித்தார். நம் பங்குகளின் இளைஞர் குழுக்கள் பலவும் இன்று இதையே பின்பற்றுகின்றன. கல்லறைத் தோட்டத்துச் சிறுமி முதற்படியில் தானாகவே ஏறிவிட்டாள்: கண்டாள். இரண்டாம் படியில் கால் வைத்தாள்: கேட்டாள். மூன்றாம் படியை அடைத்து நின்றவர்கள் நாம்.

செருப்புத் தைத்த வழிகாட்டி

எவ்வாறு விடை சொல்வது? இதற்கு ஒரு பாடம் தென்னாப்பிரிக்காவில், நம் தமிழ்ப் பிள்ளைகளுக்கே நடத்தப்பட்டது. அங்கே இந்தியரின் உரிமைக்காக அறப்போர் நடந்தபோது, சிறை சென்றவர்களின் குடும்பங்களுக்குப் புகலிடம் வேண்டியிருந்தது. ஹெர்மன் காலன்பாக் என்னும் யூதக் கட்டடக்கலைஞர் ஜொகானஸ்பர்க்கிலிருந்து 21 மைல் தொலைவில் தமக்கிருந்த 1,100 ஏக்கர் நிலத்தை 1910இல் காந்தியடிகளிடம் ஒப்படைத்தார். அதுவே டால்ஸ்டாய் பண்ணை. தமிழரும் குசராத்தியரும், இந்துவும் இசுலாமியரும் பார்சியரும் கிறிஸ்தவரும் அங்கே ஒரே சமையலில் உண்டார்கள்.

அங்கே வேலைக்காரர் இல்லை. சமையல் முதல் கழிவகற்றுதல் வரை பிள்ளைகளும் பெரியவர்களுமே செய்தார்கள். ஆசிரியர் தாம் செய்யாத எதையும் பிள்ளைகளைச் செய்யச் சொல்லலாகாது என்பது விதி. பண்ணையில் செருப்புத் தைக்கக் கற்பிக்க ஆள் வேண்டியிருந்தது. காலன்பாக் மரியன்ஹில் என்னுமிடத்திலுள்ள நம் கத்தோலிக்கத் திராப்பித் துறவியரின் மடத்துக்குச் சென்று அத்தொழிலைக் கற்று வந்தார். அவரிடம் காந்தியடிகள் கற்றார். காந்தியடிகளிடம் மற்றவர்கள் கற்றார்கள். நம் நாட்டில் தோலைத் தொட்டவரைத் தொடாதிருந்த காலம் அது. கத்தோலிக்கத் துறவியர் யூதருக்குக் கற்பிக்க, யூதர் இந்துவுக்குக் கற்பிக்க, எந்தத் தொழிலும் இழிவன்று என்னும் உண்மை வாய்ச்சொல் இன்றியே இளையவர் கைகளில் படிந்தது.

அந்தப் போரில் மற்றொரு யூதரும் இருந்தார்: சோன்யா ஷ்லேசின். பதினேழு வயதில் காந்தியடிகளின் அலுவலகத்தில் சேர்ந்த பெண். தலைவர்கள் சிறைப்பட்ட நாட்களில் கடிதம், கணக்கு, பத்திரிகை ஆகியவற்றோடு ஆயிரக்கணக்கானோரின் தேவைகளையும் அந்த இளம்பெண் கவனித்தார். ஊதியத்தை உயர்த்தித் தந்தபோதும், தேவைக்குமேல் வேண்டாமென்று மறுத்தார். அதே போரில் சிறை சென்று, நோயுற்று, 1914 பிப்ரவரி 22இல் உயிர் நீத்தவள் பதினாறு வயது வள்ளியம்மை. அவளுடைய பெற்றோரின் ஊராகிய தில்லையாடி, சிதம்பரத்துக்குத் தெற்கே நம் கரையோரத்தில்தான் உள்ளது.

கடலூரிலும் இப்படி ஒரு தாய் இருந்தார். அஞ்சலையம்மாள் 1927இல் சென்னையில் நீலன் சிலை அகற்றும் போராட்டத்துக்குச் சென்றபோது, சிறுமியான தம் மகள் அம்மாக்கண்ணுவையும் உடன் அழைத்துச் சென்றார். வீட்டில் விட்டுச் செல்வதற்குத் தக்க காரணம் அவருக்கு இல்லாமலில்லை. எனினும் அழைத்துச் சென்றார்.

நம் பங்கில்

இனி நம்மைப் பற்றிப் பேசுவோம். 1965 அக்டோபர் 28ஆம் நாள் இரண்டாம் வத்திக்கான் சங்கம், யூதர் மீது நம்மவர் பலர் கொண்டிருந்த வெறுப்பைக் கண்டித்து, அவர்களோடு நமக்குள்ள உறவை எடுத்துரைத்தது. உலகத் திருச்சபையே தன் பழைய பிழையைத் திருத்திக்கொள்ள இயலுமென்றால், ஒரு பங்கு தன் கல்லறை வழியைத் திருத்திக்கொள்ள இயலாதா?

நம் உயர்மறைமாவட்டத்து எறையூரில் 2008ஆம் ஆண்டு மார்ச் மாதம் சாதிப் பூசல் முற்றி, காவலர் துப்பாக்கிச் சூட்டில் இருவர் மாண்டார்கள். ஒரே பலிப்பீடத்தில் நன்மை வாங்கிய மக்களிடையே நிகழ்ந்தது இது. 2016 டிசம்பரில் இந்திய ஆயர் பேரவை தலித் மக்களின் மேம்பாட்டுக்கென ஒரு கொள்கை ஆவணத்தை வெளியிட்டது. ஆவணம் ஆயர்களிடமிருந்து வரலாம். விடை வீட்டிலிருந்தே வரவேண்டும். குழந்தை கேட்பது ஆயரிடம் அன்று, தாத்தாவிடம்.

அந்த முதியவரைக் குறை கூற நாம் இதை எழுதவில்லை. அவரும் சிறுவனாய் இருந்தபோது யாரையோ கேட்டிருப்பார். அவருக்கும் 'பேசாமல் வா' என்றே விடை கிடைத்திருக்கும். பரம்பரையாய் வந்த சொத்தைப்போல் இந்த மௌனமும் கைமாறி வருகிறது. எங்கோ ஒரு தலைமுறை இதை வாங்கிக்கொள்ள மறுக்க வேண்டும்.

பெற்றோரே, பிள்ளை கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள். "இது தவறு, கண்ணே. நாங்கள் இதுவரை திருத்தவில்லை" என்று சொல்வதில் இழிவு ஒன்றுமில்லை. அப்படிச் சொல்லும் தந்தையைப் பிள்ளை தாழ்வாக எண்ணாது. மறைக்கல்வி ஆசிரியர்களே, வகுப்பில் கேளாதிருக்கும் நான்காம் பிள்ளைக்கு நீங்களே பேச்சைத் தொடங்குங்கள். இளைஞர்களே, உங்களினும் இளையவர்க்கு நீங்கள் வழிகாட்டிகள். உங்கள் கால் எந்த வழியில் நடக்கிறதோ, அவர்கள் காலும் அவ்வழியில்தான் நடக்கும்.

எழுதுவதோடு நின்றுவிட்டால் நாமும் அந்தத் தலைமையாசிரியருக்கு முன் நாண வேண்டியவர்களே. ஆகவே ஒன்றை உறுதி செய்துகொண்டோம். அடுத்த கல்லறைத் திருநாளன்று அதே பங்குக்குச் செல்வோம். பெரிய வாயிலை விட்டு, சுவரோரத்து ஒற்றையடிப் பாதையில், அவ்வழியே செல்லும் மக்களோடு ஒருவராய் நடந்து, அவர்தம் முன்னோர் கல்லறைகளிலும் ஒரு திரி ஏற்றுவோம். ஒருவர் நடப்பதால் சுவர் இடிந்துவிடாது, அதை அறிவோம். ஆனால் அந்தச் சிறுமி அன்றும் அங்கே வந்திருப்பாள். 'ஏன் இந்தப் பக்கம் போகிறீர்கள்?' என்று அவள் மறுபடியும் கேட்கக்கூடும்.

இம்முறை நம்மிடம் விடை இருக்கும்.